ராக்கெட்டில் ஏறாத ஆள்

செல்வி,

நீ பெங்களூருக்குப் பஸ் ஏறிப் பத்து நாளாகிறது. போய்ச் சேர்ந்த விவரம் எழுதிய கார்டு வந்தது. ஹாஸ்டலில் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அம்மா அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க அந்த ஊர்க்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் வழக்கமாக உனக்கு எழுதினால் நாலு வரியில் முடித்துவிடுவேன். நீ பாலிடெக்னிக் விடுதியில் மூன்று வருடம் இருந்தபோதும் அப்படித்தான். உடம்பைப் பார்த்துக்கொள், பணம் அனுப்பியிருக்கிறேன், அம்மா விசாரித்தாள், அவ்வளவுதான். இந்தக் கடிதம் அப்படி முடியாது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. இதற்குள் புத்திமதியும் கொஞ்சம் வரும். தகப்பன் எழுதினால் அது இல்லாமல் இருக்காது. ஆனால் இந்த முறை புத்திமதி சொல்கிற யோக்கியதை எனக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீ போன மறுநாள் அம்மா உன் மேஜையைத் துடைக்கப் போனாள். போனவள் அங்கிருந்தே கூப்பிட்டாள். "இன்னாங்க, ராக்கெட்ட வெச்சிட்டுப் போயிட்டாளே. எடுத்துக்கினு போவலயா?" நான் போய்ப் பார்த்தேன். அந்தப் பிளாஸ்டிக் விண்கப்பல் மேஜை நடுவில் இருந்தது. தூசி ஒரு துளி இல்லை. மறந்து வைத்துவிட்டுப் போகிற பொருளை யாரும் அப்படித் துடைத்து வைக்க மாட்டார்கள். யோசித்துத்தான் வைத்திருக்கிறாய் என்று தோன்றியது. ஏன் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். முழுக்கத் தெரிந்தது போன ஞாயிற்றுக்கிழமைதான்.

அது நம் வீட்டுக்கு வந்த கதை உனக்கும் தெரிந்ததுதான். ஆனால் உனக்குத் தெரிந்தது உன் பக்கத்துக் கதை. எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். செங்கம் ரோட்டில் பாதிப் பேர் பின்னறைகளை ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். நாமும் விட்டோம். நமக்கு வாய்த்தவர் பீட்டர். விடியற்காலையில் மலையைச் சுற்றிவிட்டு வருவார், பகலெல்லாம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் மாடியில் உனக்கு நட்சத்திரம் காட்டுவார். அம்மா அவருக்குப் 'பின்னறை சாமி' என்று பெயர் வைத்திருந்தாள். உனக்குப் பத்து வயது. எந்த நட்சத்திரத்துக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று அவரை நீ ஏதோ பஸ் ரூட் கேட்கிற மாதிரி கேட்பாய். அதை அவர் தன் அக்காவுக்கு எழுதியிருக்கிறார். அந்த அம்மாள் அவர்கள் நாட்டிலிருந்து ஒரு பார்சல் அனுப்பிவிட்டாள். அட்டைப்பெட்டி, மேலே கதைகளில் வருகிற மாதிரி ஒரு விண்கப்பல் படம், உள்ளே சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் சின்னச் சின்ன உறுப்புகள் காம்பில் காய் போல ஒட்டிக்கொண்டிருந்தன. கூடவே ஒரு டியூப் பசை, வெள்ளை, நீலம், சிவப்பு என்று விரல் நுனி அளவு மூன்று பெயிண்ட் புட்டிகள், ஒரு சிறிய தூரிகை. பீட்டர் அதை என் கையில் கொடுக்கவில்லை. உன் கையில் கொடுத்தார்.

நான் அதை உன் கையிலிருந்து வாங்கிப் பீரோ மேல் வைத்தேன். பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சை அல்ல காரணம். இவ்வளவு நுணுக்கமான பொருளைப் பத்து வயதுப் பெண் கெடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது. நான் தாலுகா ஆபீசில் சர்வே பிரிவில் டிராப்ட்ஸ்மேன். நாள் முழுக்க அடுத்தவர்களுடைய நிலத்தின் படத்தைப் பிரதி எடுக்கிறவன். அந்தப் பெட்டிக்குள் இருந்த விளக்கப் படத்தை விரித்துப் பார்த்தபோது, இதைப் புரிந்துகொள்ள இந்தத் தெருவில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைத்தேன். "ஞாயித்துக்கெழம நாம ஒட்டலாம்" என்று உன்னிடம் சொன்னேன். அந்த 'நாம' ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் 'நான்' ஆகிவிட்டது. உனக்குக் கொடுத்த வேலை பேப்பர் பறக்காமல் பிடித்துக்கொள்வது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. கிராமப் படம் வரைந்தால் முதலில் கிராம எல்லை. அது ஒரு சுற்று வந்து தொட்ட இடத்திலேயே மூட வேண்டும். எல்லை மூடாத படத்தை மேலதிகாரி தொடக்கூட மாட்டார். மூடிய பிறகுதான் உள்ளே வயல், வரப்பு, கிணறு எல்லாம். பதினைந்து வருடம் அப்படிப் பழகின கை. விண்கப்பலையும் அப்படியே செய்தேன். மேல் ஓடு, கீழ் ஓடு இரண்டையும் பசை போட்டு ஒட்டினேன். முன்பக்கத்தில் கண்ணாடி போல ஒரு மூடி, அதையும் எல்லை என்று கணக்கு வைத்து ஒட்டினேன். அப்போது நீ படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். "நைனா, மொதல்ல ஆள உக்கார வெக்கணும்னு போட்டிருக்குது." நான் தலை நிமிரவில்லை. "எல்லாம் எனக்குத் தெரியும். மொதல்ல எல்லையக் கட்டணும். நீ பேப்பரப் புடி" என்றேன். அம்மா சமையல்கட்டிலிருந்து, "பதினஞ்சு வருசமா மத்தவன் நெலத்துக்கு எல்ல போட்டாரு. இப்ப ஆகாசத்துக்கும் போடறாரு" என்றாள். நீ சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவனுக்குச் சிரிப்பு பிடிக்காது.

அந்தப் பசை நம் ஊர்ப் பசை மாதிரி இல்லை. பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஒட்டினது காய்ந்துவிட்டால் பிறகு அது இரண்டு துண்டு இல்லை, ஒரே துண்டு. நாலைந்து ஞாயிறுகள் அந்த வேலை நடந்தது. இறக்கை, பின்னால் நெருப்பு கக்கும் குழாய்கள், கால்கள், எல்லாம் முடிந்தது. கடைசியில் சட்டத்தில் ஒரே ஒரு உறுப்பு மிஞ்சியிருந்தது. ஒரு முழு நிலக்கடலை அளவு ஆள். தலைக்கவசம் போட்டு, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தால் உள்ளே இருக்கை தெரிந்தது, காலியாக. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். நான் சவர பிளேடை வைத்து மூடியைப் பிரிக்கப் பார்த்தேன். பிரியவில்லை. மூடியின் இடது பக்கம் ஒரு கீறல் விழுந்ததுதான் மிச்சம். அந்தக் கீறல் எப்படி வந்தது என்று நீ கேட்டபோது, அது வரும்போதே அப்படித்தான் என்றேன். அது முதல் பொய்.

இரண்டாவது பொய்க்கு நான் வாயைத் திறக்கவில்லை, கை செய்தது. பயிற்சிக் காலத்தில் வாங்கிய பழைய வரைகருவிப் பெட்டி ஒன்று என்னிடம் உண்டே, உள்ளே நீல வெல்வெட் போட்டது, பீரோவின் மேல்தட்டில் கிடப்பது. அதில் டிவைடர் வைக்கிற பள்ளத்தில் அந்த ஆளைப் படுக்க வைத்து மூடினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நான் நிலக்கடலையை மறைத்தேன். அதனால் இது சின்னப் பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் கேட்காவிட்டால் அப்படியே போயிருக்கும்.

கேட்டது உன் சித்தப்பா. கார்த்திகைத் தீபத்தன்று வழக்கம்போல கீழ்பென்னாத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்தான், வேர்க்கடலை மூட்டையோடு. ரேடியோ மேல் நிற்கிற விண்கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நான் அதை ஒட்டின பெருமையை ஒரு மணி நேரம் சொல்லியிருப்பேன். குனிந்து கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, "ஏண்ணே, இத ஓட்றவன் எங்க? சீட்டு காலியாக் கீது" என்றான். கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். பின்னறை வாசலில் பீட்டர் நின்றிருந்தார். நீ அம்மாவுக்குப் பக்கத்தில் அகல் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாய். என் வாயில் முதலில் வந்தது இதுதான். "ஆளு இருந்துச்சு. இவதான் எங்கியோ தொலைச்சிட்டா."

நீ என்னைப் பார்த்தாய். இல்லை என்று சொல்லவில்லை. நான் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும், தனக்குத்தான் ஞாபகம் இல்லை என்று நினைத்திருப்பாய். பத்து வயதில் பிள்ளைகள் தகப்பனை அவ்வளவு நம்பும். அம்மா உன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "அந்த மனுசன் கஷ்டப்பட்டு ஒட்டினாரு. உனக்கு ஒரு பொம்மையப் பத்திரமா வெச்சிக்கத் தெரியல" என்றாள். சாயங்காலம் மலை மேல் தீபம் ஏறியது. எல்லாரும் மாடியில் நின்று அரோகரா சொன்னோம். நீ இல்லை. கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாய். அந்த வருடம் நீ தீபம் பார்க்கவில்லை. அடுத்த மூன்று நாளும் அரிசி சலிக்கிற சல்லடையை எடுத்துக்கொண்டுபோய் வாசல் மண்ணைச் சலித்தாய். நான் ஆபீசுக்குப் போகும்போது உன்னைத் தாண்டித்தான் போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தினமும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நாள் ஆக ஆக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அதோடு போகவில்லை என்பதுதான் விஷயம். உனக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது. சித்தப்பா எப்போது வந்தாலும், "ராக்கெட்டு ஆளத் தொலைச்சவ எங்க?" என்றுதான் உள்ளே நுழைவான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் வீட்டில் எல்லாரும் அதை நம்பினார்கள். ரேஷன் கார்டை உன்னிடம் கொடுத்தனுப்ப மாட்டாள் அம்மா. வயதுக்கு வந்த பிறகும் தங்கத் தோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுவிட மாட்டாள். அத்தை வீட்டுக் கல்யாணத்தில் நகைப்பையை உன்னைவிட மூன்று வயது சின்னவளான சித்தப்பா மகளிடம் கொடுத்தார்கள். உன் பரீட்சை ஹால் டிக்கெட்டை நான் என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்தேன். எனக்கே ஒரு கட்டத்தில் நீ பொருளைத் தொலைக்கிற பெண் என்ற எண்ணம் வந்துவிட்டது. பொய்யைச் சொன்னவனே அதை நம்புவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நான் நம்பினேன். பத்து நாளைக்கு முன் பஸ் ஸ்டாண்டில் நீ உன் பைகளை எண்ணினாய். நாலு பை. ஏறுவதற்கு முன் ஒரு தடவை, ஏறின பிறகு ஒரு தடவை, ஜன்னல் வழியாக என்னிடம் பேசிக்கொண்டே மூன்றாவது தடவை. சித்தப்பா கீழே நின்றுகொண்டு, "பெங்களூர்லயாவது எதயும் தொலைக்காம இரு" என்று சிரித்தான். நீயும் சிரித்தாய். பஸ் போன பிறகு வீட்டுக்கு வரும் வழியில், இதை இனிமேலும் வைத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பீரோவின் மேல்தட்டிலிருந்து அந்தப் பழைய பெட்டியை இறக்கினேன். பதினோரு வருடமாக அதைத் திறக்கவில்லை. திறக்கத் தேவை வரவில்லை என்று சொல்லலாம், திறக்க மனம் வரவில்லை என்பதுதான் சரி. விண்கப்பலை உனக்குப் பார்சலில் அனுப்பி, கூடவே ஆளையும் வைத்து, நடந்ததை எழுதிவிடுவது என்பது என் திட்டம். மூடியைத் திறந்தேன். ஆள் வைத்த பள்ளத்திலேயே படுத்திருந்தான். ஆனால் நான் வைத்தது சாம்பல் நிற ஆள். இது அப்படி இல்லை. மேலே வெள்ளைச் சட்டை, கீழே நீலப் பாவாடை. தலைக்கவசத்தின் இரண்டு பக்கமும் இரண்டு சிவப்புப் புள்ளிகள், ரிப்பன். உன் பள்ளிக்கூட யூனிபார்ம்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். எப்போது செய்திருப்பாய் என்று கணக்குப் போட்டேன். அந்த மூன்று பெயிண்ட் புட்டிகளும் அடுத்த சித்திரைக்குள் காய்ந்து கல்லாகிவிட்டன, குப்பையில் போட்டது நான்தான். ஆகவே தீபத்துக்கும் சித்திரைக்கும் நடுவில் ஒரு நாள் நீ நாற்காலி போட்டு ஏறியிருக்கிறாய், பெட்டியைத் திறந்திருக்கிறாய், ஆளைப் பார்த்திருக்கிறாய். நான் பொய் சொன்னேன் என்று உனக்குப் பத்து வயதிலேயே தெரியும். அவனுக்கு வர்ணம் தீட்டி, அது காய்கிற வரைக்கும் எங்கேயோ ஒளித்து வைத்து, மறுபடி எடுத்த இடத்திலேயே வைத்து மூடியிருக்கிறாய். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தீபத்துக்கும் சித்தப்பா வந்து அந்தப் பெயரைச் சொன்னான், நீ காபி கொண்டுவந்து கொடுத்தாய்.

இன்னொன்றும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்பு சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலையில் நீ என் முன்னால் வந்து நின்று கேட்டாய். "நைனா, உங்க பழைய பெட்டியில கீற டிவைடர ஸ்கூலுக்கு எடுத்துக்கட்டுமா?" நான் பதறிப்போய், "வேணாம் வேணாம், அது துரு. புதுசே வாங்கித் தரேன்" என்றேன். அன்று சாயங்காலமே தேரடித் தெருவுக்குப் போய் ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிவந்தேன், இருந்ததிலேயே ஒசத்தியானது. தப்பித்தேன் என்று நினைத்தேன். நீ "சரி நைனா" என்று வாங்கிக்கொண்டாய். உனக்கு டிவைடர் தேவைப்படவில்லை என்பது இப்போது விளங்குகிறது. நான் உன்னைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டியை உன் எதிரில் திறப்பதற்கு நீ ஒரு வழி போட்டுக் கொடுத்திருக்கிறாய். நான் அதற்கும் ஒரு எல்லையைக் கட்டி மூடினேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. நான் என்ன சொன்னாலும் "சரி நைனா" தான். அடக்கமான பெண் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அம்மாவிடம் ஆளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "சல்லடய வெச்சிக்கினு மூணு நாளு மண்ணு சலிச்சிச்சே அந்தக் கொழந்த" என்றாள். இன்று வரைக்கும் சாப்பாடு போடுகிறாள், பேச்சு கம்மி. அது நியாயம்தான்.

பத்துப் பேர் நடுவில் சொன்ன பொய்யைக் கடிதத்தில் மட்டும் திருத்தினால் போதாது என்று தோன்றியது. நேற்று கீழ்பென்னாத்தூருக்குப் பஸ்ஸில் போனேன். சித்தப்பா களத்தில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தான். சித்தியையும் பிள்ளைகளையும் கூப்பிடச் சொல்லி, எல்லார் எதிரிலும் சொன்னேன். "செல்வி எதயும் தொலைக்கல. நான்தான் ஒளிச்சி வெச்சேன். மொதல்ல ஆள வெக்கச் சொல்லி அது அப்பவே சொல்லிச்சு, நான் கேக்கல." சித்தப்பா கேட்டான். "அதுக்குத் தெரியுமாண்ணே?" தெரியும் என்றேன். எத்தனை வருசமா என்றான். சொன்னேன். அவன் கடலை கிளறுகிற பலகையைக் கீழே வைத்துவிட்டு, "நான் வேற வருசா வருசம் வந்து சொல்லிக்கினு இருந்தனே" என்றான். உனக்கு எழுதுவான் என்று நினைக்கிறேன். அவன் எழுத்து உனக்குத் தெரியும், பொறுமையாகப் படி.

புத்திமதி சொல்வதாக எழுதியிருந்தேன். ஒன்றுதான் இருக்கிறது. நீ வேலைக்குப் போயிருக்கிற இடமும் வரைவுப் பிரிவு. உனக்கு மேலே இருக்கிறவர்கள் பதினைந்து வருடப் பழக்கத்தில் வேலை செய்கிறவர்களாக இருப்பார்கள். ஒரு நாள் நீயும் அப்படி ஆவாய், அப்போது உனக்குக் கீழே யாராவது படத்தைப் பார்த்துவிட்டு, இது முதலில் வர வேண்டும் என்று சொன்னால் கையை நிறுத்திவிட்டுக் கேள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு உறுப்பு மிஞ்சினால் அதை உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டு. அன்றைக்கு வருகிற வெட்கம் அன்றைக்கே தீர்ந்துவிடும். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆனாலும் இது பொருந்தும். மற்ற விஷயங்களில் உனக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பைகளை ஒரு தடவை எண்ணினால் போதும். நீ இதுவரை எதையும் தொலைத்ததில்லை.

பார்சல் தனியாக வருகிறது. பழைய பனியன் துணியில் சுற்றி விண்கப்பலை வைத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த குங்குமக் கறை மூக்கில் அப்படியே இருக்கிறது, துடைக்க வேண்டாம் என்று அவள் சொன்னதாக வைத்துக்கொள். ஆளை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துத் தனியாக வைத்திருக்கிறேன். கண்ணாடி மூடியை எப்படிப் பிரிப்பது என்று இப்போது எனக்கு ஓரளவு தெரியும். மெல்லிய பிளேடைச் சூடு காட்டி, ஒட்டின கோட்டு ஓரமாக விட்டால் வந்துவிடும். பிளேடைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்தேன். பிறகு வைத்துவிட்டேன், தொடவில்லை. அது உன் கையில் கொடுத்த பெட்டி, செல்வி. உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, எழுதத்தான் வருகிறது: என்னை மன்னித்துவிடு. நேரம் கிடைக்கும்போது நீயே பிரி. முதலில் ஆளை உட்கார வை. அதற்குப் பிறகு மூடு.

நைனா